ஒரு டயாலிசிஸ்... எத்தனை விலை?

நோயின் செலவை அரசு எப்படிக் கணக்குப் போடுகிறது? அந்தக் கணக்கில் யார் விட்டுப்போகிறார்கள்?

காலை ஐந்தரை மணிக்கே டயாலிசிஸ் பிரிவின் வெளியே பெஞ்சு நிரம்பிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முதல் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் அவர்கள். தூரத்து ஊர்க்காரர்கள் முந்தின ராத்திரியே பஸ் ஏறியிருப்பார்கள். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் போர்வை, ரிப்போர்ட் ஃபைல், காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ், டிபன் டப்பாவில் இட்லி.

கதவு திறந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. "எவ்வளவு ஏறியிருக்கு?" என்பார் டெக்னீஷியன். போன தடவை வீட்டுக்குக் கிளம்பியபோது இருந்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பில் தேங்கிய நீர். மூன்று கிலோ என்று முள் காட்டினால் நோயாளி தலையைக் குனிந்துகொள்வார். "சொன்னா கேக்க மாட்டேங்கறாரு சார், நேத்து வெயில்ல ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டாரு" என்று கூட வந்த மனைவி முந்திக்கொண்டு புகார் வாசிப்பார். பிறகு படுக்கை. ரத்தக் குழாய்களை இணைத்து 'ஃபிஸ்டுலா' போட்ட கையில் இரண்டு ஊசிகள் ஏறும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பும். நான்கு மணி நேரம். மனைவி திரும்பவும் வெளியே பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

இந்த நான்கு மணி நேரத்தின் செலவு எவ்வளவு?

உள்ளே படுத்திருப்பவர், "இங்க ஃப்ரீதான்" என்பார். அலுவலகத்தில் கேட்டால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு தடவைக்கு அனுமதிக்கும் பேக்கேஜ் தொகையைச் சொல்வார்கள். பெஞ்சில் இருப்பவரிடம் கேட்டால் கணக்கு ஊரிலிருந்து கிளம்பிய நேரத்தில் ஆரம்பிக்கும். மூன்று பதிலும் பொய்யில்லை. ஆனால் சுகாதாரத் துறை நாளைக்கு எதில் பணம் போடலாம் என்று முடிவெடுக்கும்போது, நிபுணர்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பொருளாதார மாடலுக்குள் இவற்றில் எந்த எண் போகிறது? சிகிச்சைக் கொள்கையின் தலையெழுத்தே பல சமயம் அதில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால் அடி விழும் இடங்களில் சிறுநீரகம் முக்கியமானது. "கிரியாட்டினின் எவ்வளவு?" என்ற கேள்வி நம் வீடுகளில் சகஜமாகிவிட்டதே அதற்கு அத்தாட்சி.

பட்ஜெட் உரையில் ஒரு பெருக்கல்

2016 பிப்ரவரி 29. தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த நிதியமைச்சர் அருண் ஜேட்லியின் பட்ஜெட் உரையில் சில எண்கள் வந்தன. ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. அதனால் கூடுதலாகத் தேவைப்படும் டயாலிசிஸ் 3.4 கோடி. ஒரு தடவைக்குச் சுமார் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல்.

பேப்பரும் பேனாவும் எடுங்கள். வாரத்துக்கு 3 தடவை, 52 வாரம், ஆக 156. இதை 2.2 லட்சத்தால் பெருக்கினால் 3.43 கோடி. 2,000 ரூபாயால் பெருக்கினால் 3.12 லட்சம். உரையில் வந்த இரண்டு பெரிய எண்களும் இந்த 156-ல் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகின்றன.

தேவையின் பிரமாண்டத்தைச் சொல்ல இது போதும். ஆனால் இதையே செலவு மதிப்பீடாக எடுத்துக்கொண்டால் அடியில் என்னென்ன அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நோய் வந்த எல்லோரும் டயாலிசிஸுக்கு வந்துவிடுகிறார்கள்; எல்லோரும் வாரம் மூன்று தடவை வருகிறார்கள்; ஜனவரியில் நோய் தெரிந்தவரும் நவம்பரில் தெரிந்தவரும் முழு வருடம் சிகிச்சை பெறுகிறார்கள்; நடுவில் யாரும் இறப்பதில்லை, யாரும் நிறுத்துவதில்லை. நிஜத்தில் வாரம் இரண்டே தடவை வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டு தடவை என்றால் 156 சட்டென்று 104 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மருத்துவம் பெற வேண்டியவர்களின் செலவா, பெற்றவர்களின் செலவா? எதை அளக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லாத மதிப்பீடு, பிறகு எதற்கும் வளைந்துகொடுக்கும்.

அந்தத் திட்டத்தின் அறிமுகக் குறிப்பு இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. டயாலிசிஸுக்காகக் குடும்பங்கள் அடிக்கடி தூரப் பயணம் போக வேண்டியிருக்கிறது, நோயாளிக்கும் கூட வருபவருக்கும் கூலி போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு எண் எதுவும் கிடையாது.

பெட்டிச் செய்தி: நான்கு மணி நேரத்துக்குள் என்னென்ன?

ஒரு டயலைசர் (பல இடங்களில் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவார்கள்), ரத்தக் குழாய்கள், இரண்டு ஃபிஸ்டுலா ஊசிகள், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின், சலைன், பைகார்பனேட் கரைசல்.

தண்ணீர்: டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடினால், 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். அத்தனையும் ஆர்.ஓ. பிளாண்டில் சுத்திகரிக்கப்பட வேண்டும். பிளாண்ட் கழித்து ஊற்றும் தண்ணீர் தனி.

பில்லில் தனியாகத் தெரியாதவை: டெக்னீஷியன், நர்ஸ், டாக்டரின் நேரம், மின்சாரம், ஜெனரேட்டர், இயந்திரத் தேய்மானம், கட்டடம், சலவை, மருத்துவக் கழிவு. ஹெபடைட்டிஸ் உள்ளவர்களுக்கென ஒதுக்கி வைக்கும் தனி இயந்திரம், அது பாதி நேரம் சும்மா இருந்தாலும்.

இவற்றுக்கு வெளியே: ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி, மாதாந்திர ரத்தப் பரிசோதனை, ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை.

பில் வேறு, செலவு வேறு

நோயின் செலவை அளப்பதற்கு முறையான வழிகாட்டியை அமெரிக்கப் பொருளாதார நிபுணர் டாரதி ரைஸ் 1966-லேயே எழுதிவிட்டார். சிகிச்சைக்கு நேரடியாக ஆகும் செலவு ஒரு பக்கம், நோயாலும் மரணத்தாலும் போகும் உழைப்பு இன்னொரு பக்கம். அறுபது வருடமாகச் சண்டையெல்லாம் இதன் விவரங்களில்தான். இந்தியாவில் இந்த வேலைக்கென்று 2017-ல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 'ஹெச்.டி.ஏ. இந்தியா' என்ற அமைப்பு வந்தது. புதிய மருந்தோ கருவியோ திட்டமோ, போடும் காசுக்குத் தகுந்த பலன் தருமா என்று பார்த்துச் சொல்வது அதன் பணி.

பலனை அளப்பதைவிடச் செலவை அளப்பது எளிது என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே போனால் தலை சுற்றும். கல்யாணத்தில் இலைக்கு எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பது மாதிரிதான் இது. அரிசி, பருப்பு, காய்கறியை எண்ணிவிடலாம். மண்டப வாடகையையும் சமையல்காரர் சம்பளத்தையும் எத்தனை இலையால் வகுப்பது? ஐந்நூறு பேருக்குச் சொல்லி முந்நூறு பேர் வந்தால் இலையின் விலை ஏறிவிடும்.

சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் நடந்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. 2018-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு டயாலிசிஸுக்கு மருத்துவமனை தரப்பில் ஆன சராசரிச் செலவு 4,148 ரூபாய். எல்லாப் படுக்கையும் முழுநேரமும் நிரம்பியிருந்தால்? 3,025 ரூபாய். அதே இயந்திரம், அதே ஊழியர், அதே சிகிச்சை. காலிப் படுக்கையின் விலை மட்டும் 1,123 ரூபாய்.

எளிய எண்களில் சொல்லிப் பார்க்கலாம். ஓர் இயந்திரத்தின் விலை 7.2 லட்சம், எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 90,000 ரூபாய் தேய்மானம். 300 நாள், தினம் ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடினால் ஒரு டயாலிசிஸின் தலையில் 300 ரூபாய் விழும். மூன்று ஷிஃப்ட் ஓடினால் 100. ஊழியர் பற்றாக்குறையால் மாலை ஷிஃப்டை மூடும் மருத்துவமனை, சம்பளத்தை மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்போது இங்கே தேய்மானச் செலவு ஒன்றரை மடங்காகியிருக்கும்.

இப்படி ஒவ்வொன்றாக எண்ணுவதற்கு ஆளும் மாதங்களும் வேண்டும். பொறுமையில்லாதவர்கள் குறுக்குவழியில் போகிறார்கள்: காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையை எடுத்து, அதையே 'செலவு' என்று மாடலில் எழுதிவிடுவது. பேக்கேஜ் தொகை என்பது அரசு கொடுக்கச் சம்மதித்த விலை. பேரம், பட்ஜெட், போன வருடத் தொகை எல்லாம் சேர்ந்து தீர்மானித்தது. அதைச் செலவாக வைத்து மாடல் ஓட்டி, மாடல் சொன்னதை வைத்து அடுத்த வருடப் பேக்கேஜை நிர்ணயித்தால், தன் வாலைத் தானே துரத்துகிறோம் என்றுதான் அர்த்தம். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. சண்டிகரின் உயர்சிகிச்சை மருத்துவமனையில் கிடைத்த எண்ணை எடுத்து, விலைவாசி உயர்வை ஏற்றி, ராமநாதபுரத்துக்கும் அதுதான் என்று வைத்துக்கொள்வது. டாக்டர் சம்பளத்திலிருந்து தண்ணீரின் உப்பு வரை எல்லாமே வேறாக இருக்கும்.

பெஞ்சில் இருப்பவரின் கணக்கு

அதே சண்டிகர் ஆய்வில் இன்னோர் எண் உண்டு. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் கைக்காசு சராசரியாக 2,838 ரூபாய் செலவழித்திருந்தார்கள். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மருந்துக்கும் உபகரணங்களுக்கும் போனது. ஆக, அரசின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் 4,148. நோயாளியையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு மேல் இன்னொரு 2,838. தமிழ்நாட்டில் மருந்துக் கொள்முதல் கழகமும் காப்பீடும் இருப்பதால் மருந்துச் செலவு இந்த அளவுக்கு இருக்காது என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் மருந்து அல்லாத பகுதியைப் பற்றி என்ன சொல்வது?

பெஞ்சில் காத்திருக்கும் மனைவிக்குத் திரும்புவோம். டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் இல்லை, கணவருக்கு உண்டு. போகும்போது பஸ் சரி. டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிக் கண் இருட்டும் மனிதரைக் கூட்ட நெரிசலில் நிற்கவைத்துக் கூட்டிப்போக முடியாது, ஆட்டோதான். கூட வந்த மனைவியின் நாள் முழுக்கப் போயிற்று. அதற்கு என்ன விலை போடலாம்? குறைந்தபட்சமாக, 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலியான 336 ரூபாயை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 156 தடவை என்றால் 52,416 ரூபாய். இது கூட வருபவருக்கு மட்டும். நோயாளியின் சொந்தச் சம்பாத்தியம் போனது இதில் சேரவில்லை.

பல மாடல்களில் இந்த 52,416-க்கு நேராக இருப்பது பூஜ்யம். "அவங்க வீட்லதானே இருக்காங்க" என்பது நம் குடும்பங்களின் வாதம் மட்டுமில்லை. பொருளாதார மாடல்களும் அதையே வேறு பாஷையில் சொல்கின்றன. சம்பளம் வாங்காதவரின் நேரத்துக்கு விலை கிடையாது என்று வைத்துக்கொண்டால், வீட்டில் உள்ள பெண்தான் எப்போதும் மலிவான நர்ஸ். போகும் வருமானத்தை அளவுகோலாக வைக்கும் முறையில் இதைவிடப் பெரிய கோளாறும் இருக்கிறது. ஐ.டி. ஊழியருக்கு வந்த நோய் 'விலை உயர்ந்தது', எழுபது வயதுப் பாட்டிக்கு வந்த அதே நோய் 'மலிவு' என்று ஆகிவிடும். அதற்குப் பயந்து உழைப்பு இழப்பையே மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாட்டிக்கும் உதவுவதில்லை, பாட்டியைக் கவனிக்கும் மருமகளுக்கும் உதவுவதில்லை.

அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிவு எப்படிப் புரளும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? டயாலிசிஸால் 'தாங்க முடியாத செலவுக்கு' ஆளானவர்கள் சண்டிகர் ஆய்வில் 11.2 சதவீதம். கேரளத்தில், அரசு மானியம் கிடைக்கும் சூழலிலேயே நடத்திய ஆய்வொன்றில் பத்தில் ஒன்பது குடும்பங்கள். கேரளக் குடும்பங்கள் அவ்வளவு ஏழையா என்ன? சண்டிகரில் ஒரு தடவைச் செலவை வைத்து அளந்தார்கள்; கேரளத்தில் டயாலிசிஸ் குடும்பத்தின் மேல் ஏற்றும் மொத்தச் சுமையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாநிலங்களை ஒப்பிடும் அறிக்கை வந்தால் நம்பாதீர்கள்.

குடும்பத்தின் கணக்கை அளக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் காசநோயைக் காட்டலாம். சிகிச்சைச் செலவு, பயணம், போன கூலி எல்லாம் சேர்ந்து குடும்ப ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது பேரிழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்து, நாடு நாடாக அளக்கவைத்தது. மருந்து இலவசமாகக் கிடைத்தும் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவது தெரிந்தது. இலவச மருந்து மட்டும் போதாது என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது. இந்தியாவில் காசநோயாளிகளுக்கு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் வங்கியில் விழுந்தது; 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. டயாலிசிஸ் நோயாளியின் பஸ் காசுக்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும்.

வராதவரின் செலவு பூஜ்யம்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் இதுதான்.

கற்பனையாக நூறு பேரை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் வருடம் முழுக்க வாரம் மூன்று தடவை வந்தால் 15,600 டயாலிசிஸ். தடவைக்கு 2,000 ரூபாய் வீதம் 3.12 கோடி. அதில் நாற்பது பேர் மூன்று மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டால் எண்ணிக்கை 10,920-ஆகக் குறையும், செலவு 2.18 கோடி. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு 94 லட்சம் மிச்சம். நிறுத்திய நாற்பது பேர் என்ன ஆனார்கள்? வேறு வழியாக உயிர் பிழைத்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

காசு தீர்ந்து, தூரம் தாளாமல், கூட வர ஆளில்லாமல் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பற்றி நம் சிறுநீரக மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செலவை மட்டும் அளக்கும் மதிப்பீட்டில் இவர்கள் 'சிக்கனம்' என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறார்கள். மாடல் ஒழுங்காக இருந்தால், எத்தனை பேர் எந்த மாதத்தில் நிறுத்தினார்கள் என்பதைத் தனி நிலையாக வைத்து, இழந்த ஆயுளைப் பலன் பக்கத்தில் கழிக்க வேண்டும். அதற்கு நோயாளிகளைப் பின்தொடரும் பதிவேடு வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் பில் தரவு, வந்தவர்களைத்தான் காட்டும்.

பெட்டிச் செய்தி: அரை மணி நேரத்தில் நிறைவேறிய சட்டம்

1971 நவம்பர் 4. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் ஷெப் கிளேசர் என்ற சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் இயந்திரம் மாட்டப்பட்டது. மறு வருடம் செப்டம்பரில் செனட் சபை அரை மணி நேரம் விவாதித்து, சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய அனைவரின் சிகிச்சையையும் 'மெடிகேர்' என்ற அரசுக் காப்பீடு ஏற்கும் திருத்தத்தை 52-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேற்றியது. முதல் வருடம் 7.5 கோடி டாலர், நான்காவது வருடம் 25 கோடி டாலர் ஆகும் என்றார் திருத்தத்தைக் கொண்டுவந்த செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி. அந்தப் பத்தாண்டு முடியும்போது ஆண்டுச் செலவு 100 கோடி டாலரை ஒட்டி வந்திருந்தது.

எங்கே சறுக்கியது? அன்றைக்கு டயாலிசிஸில் இருந்தவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட, வயது குறைந்த நோயாளிகள். வயதானவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதற்குமுன் மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டதே அபூர்வம். அரசு பணம் தருகிறது என்றதும் அவர்களும் வந்தார்கள். பிற்காலத்தில் மெடிகேர் பயனாளிகளில் சுமார் 1 சதவீதமே இருந்த இந்த நோயாளிகளுக்கு அதன் செலவில் 7 சதவீதம் அளவுக்குப் போனது.

மாடல் 'வேண்டாம்' என்றது. தாய்லாந்து 'சரி' என்றது

கணக்கையும் அரசியலையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கத் தாய்லாந்தை விட்டால் வேறு நாடு இல்லை. அனைவருக்கும் இலவச மருத்துவம் என்று 2002-ல் அறிவித்த நாடு, டயாலிசிஸை மட்டும் வெளியே வைத்திருந்தது. சேர்க்கலாமா என்று ஆய்வாளர்கள் மாடல் போட்டார்கள். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் பெரிட்டோனியல் டயாலிசிஸ், மருத்துவமனையில் செய்யும் ஹீமோடயாலிசிஸைவிட மேல் என்று 2007-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. ஆனால் நலமான ஓர் ஆண்டு ஆயுளுக்கு 7 லட்சம் பாட் கொடுக்கத் தயாராக இருந்தால்தான் அதுவும் கட்டுப்படியாகும். அந்த நாட்டின் தனிநபர் வருமானத்தைப் போலப் பல மடங்கு அது. வழக்கமான அளவுகோலில் இரண்டுமே தோல்வி.

அரசு அப்படியும் ஏற்றுக்கொண்டது. டயாலிசிஸ் செலவு குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவருகிறது என்ற காரணம் வென்றது. 2008 முதல், புதிய நோயாளிகளுக்கு முதலில் வீட்டு டயாலிசிஸ்தான். திரவத்தை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. தபால்துறை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. மாடலின் பதில் 'கூடாது' என்றிருந்தும், எதைத் தேர்ந்தெடுத்தால் சேதம் குறையும் என்பதை மாடல்தான் சொன்னது.

2022 பிப்ரவரியில், நோயாளியே எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம் என்று கொள்கை மாறியது. யார்தான் எதிர்ப்பார்கள்? கூட்டம் ஹீமோடயாலிசிஸ் பக்கம் சாய்ந்தது, மையங்கள் பெருகின, பட்ஜெட் வீங்கியது. 2025-ல் தாய்லாந்து மறுபடியும் வீட்டு டயாலிசிஸுக்கே முதலிடம் என்று திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வரும் பை

தமிழ்நாட்டிலும் அந்த வழியின் ஒரு கீற்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு பெரிட்டோனியல் டயாலிசிஸ் திரவப் பைகளும் வீட்டுக்கு வருகின்றன. மத்திய அரசின் டயாலிசிஸ் திட்டத்திலும் 2019-ல் இதற்கு இடம் கிடைத்தது. காசநோயாளிகளை சானடோரியத்தில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்தது மெட்ராஸில் நடந்த ஆய்வுதான் என்பதால், வீட்டிலேயே சிகிச்சை என்பது நமக்குப் புதிதும் இல்லை.

ஆனாலும் இங்கே ஹீமோடயாலிசிஸின் ராஜ்யம்தான். வீட்டு டயாலிசிஸ் மலிவு என்று மாடல் சொல்லும்போது அது எந்த வீடு என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர் பை. ஒரு மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர். ஒற்றை அறை வீட்டில் இதை எங்கே அடுக்குவது? கை கழுவச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தி மாற்ற வேண்டும். தூசி போனால் வயிற்றுக்குள் தொற்று. பஸ் செலவும் கூலி இழப்பும் குறைகின்றன, உண்மை. அதற்குப் பதில் ஓர் அறையும் ஓர் ஆளும் வீட்டிலிருந்து போகிறார்கள். அரசின் கண்ணாடியில் அறைக்கு வாடகை கிடையாது.

இன்றைய மாத்திரையா, நாளைய இயந்திரமா?

டயாலிசிஸ் வரைக்கும் போகவிடாமல் தடுப்பதுதான் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தமிழக அரசும் 2023-ல் தொடங்கியது. மாடலில் போட்டுப் பார்த்தால் இந்த லாபம் எதிர்பார்த்த அளவுக்குக் கொழுத்ததாகத் தெரியாது. காரணம், பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்ற விதி. இந்திய வழிகாட்டு நெறி ஆண்டுக்கு 3 சதவீதம் கழிக்கச் சொல்கிறது. இருபது வருடம் கழித்து மிச்சமாகும் 3.12 லட்சம், இன்றைய மாடலில் 1.73 லட்சம்தான். 5 சதவீதம் கழித்தால் 1.18 லட்சம். தடுப்புத் திட்டம் எதுவானாலும் இந்தக் கழிவில் பாதி ரத்தத்தை இழந்துதான் பந்தயத்துக்கு வரும்.

மாத்திரையின் விலையோ இதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. சர்க்கரை நோய்க்காக வந்து, சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகளில் தெரியவந்த எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை, ஒன்று 60 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்கள் 10 ரூபாய்க்கும் அதற்குக் கீழேயும் இறக்கிவிட்டன. ஒரு லட்சம் பேருக்கு வருடம் முழுக்கக் கொடுத்தால் பழைய விலையில் 219 கோடி. புது விலையில் 36.5 கோடி.

ஒருவரின் டயாலிசிஸுக்கு ஆண்டுக்கு 3.12 லட்சம் என்ற அதே கணக்கில் போட்ட காசு திரும்ப வர, பழைய விலையில் அந்த ஒரு லட்சம் பேரில் 7,020 பேரையாவது அந்த வருட டயாலிசிஸிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும்; நடக்கிற காரியமில்லை. புது விலையில் 1,170 பேர் போதும். 2024-ல் யாராவது மாடல் போட்டு 'கட்டுப்படியாகாது' என்று முடித்திருந்தால், அந்தக் கோப்பைத் திறந்து ஒரே ஒரு கட்டத்தை மாற்ற வேண்டிய நேரம் இது. திறக்கும்போதே இன்னொரு கட்டத்தையும் நிரப்பிவிடலாம். கூட வருபவரின் கூலியான 52,416 ரூபாயை டயாலிசிஸ் செலவோடு சேர்த்தால், 1,170 என்பது ஏறக்குறைய 1,000 ஆகிறது. 170 பேர் வித்தியாசம்.